‘எதிரி’ என்றால் பகைவன் என்பதுதான் பொருளா? அச்சொல் எப்படிப் பிறந்தது?

இரண்டும் ஒன்றல்ல என்பதே என் பதில். சென்ற ஆண்டு பினாங்கில் ஓர் இடைநிலைப் பள்ளியின் சொற்போருக்கு நடுவராக அமர்ந்திருந்தபோது, நான்காம் படிவ மாணவர் ஒருவர் “மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, என் எதிரிகளே” என்று கணீரெனத் தொடங்கினார். அரங்கமே சிரித்ததில் அடுத்த வரி மறந்து நின்றுவிட்டார். வேரைப் பார்த்தால் அந்தத் தம்பி தவறாக எதுவும் சொல்லிவிடவில்லை.

‘எதிர்’ என்பதற்கு முன்பக்கம், நேர்முகம் என்பதே அடிப்படைப் பொருள். எதிர்வீடு, எதிர்பார்ப்பு, மாப்பிள்ளையை எதிர்கொண்டு அழைத்தல் ஆகியவற்றில் சண்டையின் சாயல்கூட இல்லை. இனி வரவிருப்பது நமக்கு முன்னால் நிற்பதாகக் கருதப்பட்டதால் அது எதிர்காலம் ஆயிற்று. 429ஆம் குறள் “எதிரதாக் காக்கும் அறிவினார்க்கு” என்று தொடங்குவதும் அந்தப் பொருளில்தான். தெலுங்கிலும் கன்னடத்திலும் மலையாளத்திலும் இதே வேர் இருக்கிறது. எதிரே நிற்பவர் எதிரி, அவ்வளவே; பகை பிறகு வந்து ஒட்டிக்கொண்டது.

பகைவருக்கென்று தமிழ் வைத்திருந்த பழைய பெயர்கள் வேறு. “தெவ்வுப் பகையாகும்” என்கிறது தொல்காப்பியம். அதிலிருந்து வந்தவர் தெவ்வர். என்னை வியக்க வைப்பவை ஒன்னார், நண்ணார், நள்ளார், கூடார் போன்ற எதிர்மறைச் சொற்கள்: ஒன்றாதவர், நெருங்காதவர், நட்புக் கொள்ளாதவர், கூடாதவர் என்று, சேர்க்கையை மறுத்தே பகைவருக்குப் பெயர் சூட்டியிருக்கிறார்கள். விரோதி, வைரி, சத்துரு ஆகியவை வடமொழி வரவு. அந்தச் சத்துரு கடல் கடந்து மலாயிலும் ‘செத்தெரு’வாக வாழ்கிறார்.

மலாய்மொழி இந்த வேறுபாட்டை நம்மைவிடத் தெளிவாகக் காத்து வருகிறது என்றே நினைக்கிறேன். ஆட்டத்தில் எதிரே நிற்பவர் ‘லாவான்’, பகைவர் ‘மூசோ’. எதிர்ச்சொல்லைக் ‘காத்தா லாவான்’ என்று படிக்கும் நம் பிள்ளைகளுக்கு இதை விளக்குவது எளிது. தமிழிலோ, காவல்துறை ஆவணங்களில் குற்றம் சாட்டப்பட்டவரையும் எதிரி என்றே குறிக்கும் வழக்கம் தமிழ்நாட்டில் இருப்பதால், சொல் மேலும் கறுத்துவிட்டது. ஆகவே கேரம் பலகைக்கு அப்பால் அமர்ந்திருப்பவரை எதிராளி என்பதும், வழக்கில் மறுதரப்பாரைப் பிரதிவாதி என்பதும் பொருத்தம்.

அந்த மாணவருக்கு நான் மதிப்பெண் குறைக்கவில்லை. மதிப்பெண் தாளின் ஓரத்தில் ‘எதிரணியினரே’ என்று மட்டும் எழுதிக் கொடுத்தேன்.