வானமும் பேசவில்லை, தம்பியும் பேசவில்லை

கேள்வி:

வணக்கம். எனக்கு வயது 53. திருப்பத்தூர் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர். சில மாதங்களாக இரவு மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. மொட்டை மாடிக்குப் போய் உட்கார்ந்துகொள்கிறேன்.

பிளஸ் டூ மாணவர்களுக்கு நான் விரும்பிச் சொல்லும் கதை ஒன்று உண்டு. 1950-ல் லாஸ் அலமோஸில் நண்பர்களோடு மதியச் சாப்பாட்டில் இருந்த இயற்பியலாளர் என்ரிகோ ஃபெர்மி திடீரென்று, "எல்லாரும் எங்கே?" என்று கேட்டாராம். வேற்றுக்கிரகவாசிகளைத்தான். நம் பால்வீதியில் மட்டும் பத்தாயிரம் கோடி விண்மீன்களுக்குக் குறையாது. இந்நேரம் ஒரு கூட்டமாவது நம் கண்ணில் பட்டிருக்க வேண்டாமா? அதற்குச் சிலர் சொல்லும் பதில், அணுகுண்டு செய்யும் அளவுக்கு வளர்ந்ததும் ஒவ்வொரு நாகரிகமும் தன்னைத்தானே அழித்துக்கொள்கிறது என்பது. முன்பு இதை ஒரு சுவாரசியத்துக்காகச் சொல்வேன். இப்போது நம்புகிறேன். ஒருவரை ஒருவர் சகிக்கத் தெரியாத எந்த இனமும் நிலைக்காது. அதனால்தான் வானம் இப்படி வாய் மூடிக் கிடக்கிறது. முடிந்தால் முடியட்டும் என்றுகூடத் தோன்றுகிறது.

தம்பியோடு பேசி இரண்டு வருடம் ஆகிறது. என் மகன் வேறு சாதியில் விரும்பிக் கட்டிக்கொண்டான். நிச்சயதார்த்தத்தன்று பெண்ணின் அம்மா காதுபட தம்பி ஒரு வார்த்தை சொன்னான். "வெளியே போடா" என்றேன். போய்விட்டான். பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறான். போன பொங்கலுக்கு முதல் நாள் காலை எங்கள் திண்ணையில் ஒரு பை மொச்சை இருந்தது. மனைவி குழம்பு வைத்தாள். நான் தொடவில்லை.

வகுப்பில் சகிப்புத்தன்மை பற்றிப் பேசுகிறவன் நான். சகிக்காதவனையும் சகிக்க வேண்டுமா?

பதில்:

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதம் நான்கு பக்கம் (இங்கே சுருக்கியிருக்கிறோம்). அதில் தம்பி வருவது கடைசி அரைப் பக்கத்தில்தான்.

முதலில் ஒன்றை நேராகக் கேட்டுவிடுகிறேன். "முடிந்தால் முடியட்டும்" என்று எழுதியிருக்கிறீர்கள். உலகத்தைச் சொல்கிறீர்களா, உங்களையா? உங்களை என்றால் மற்றதெல்லாம் அப்புறம் படித்துக்கொள்ளலாம். மனைவியிடம் சொல்லுங்கள், 14416-க்குக் கூப்பிடுங்கள். டெலி மானஸ் என்ற அரசின் இலவச மனநல உதவி எண் அது; தமிழில் பேசலாம், இரவு மூன்று மணிக்கும் கூப்பிடலாம். உலகத்தைத்தான் என்றாலும், மாதக்கணக்கில் தூக்கம் கெட்டால் ஒரு மனநல மருத்துவரைப் பார்த்துவிடுவது நல்லது. விடியுமுன் விழிப்பு வருவதும் எல்லாமே வீண் என்று தோன்றுவதும் மனச்சோர்வின் அறிகுறியாக இருக்கலாம்.

சரி, வானத்துக்கு வருவோம். நம் பால்வீதியில் சிக்னல் அனுப்பும் நாகரிகங்கள் எத்தனை இருக்கும் என்று மதிப்பிட 1961-ல் வானியலாளர் ஃபிராங்க் டிரேக் எழுதிய சமன்பாட்டை வகுப்பில் நீங்களும் சொல்லியிருப்பீர்கள். அதன் கடைசி எழுத்து 'எல்': ஒரு நாகரிகம் எத்தனை காலம் சிக்னல் அனுப்பிக்கொண்டிருக்கும் என்பது. அதற்கு இன்றுவரை யாரிடமும் எண் கிடையாது. கையில் இருக்கும் ஒரே உதாரணம் நாம்தான், நாமும் இன்னும் முடிந்துபோகவில்லை. அந்த இடத்தில் உங்கள் வீட்டு நிச்சயதார்த்தத்தைப் போட்டுக் கணக்கை முடித்துவிட்டீர்கள். மாணவன் இப்படிச் செய்தால் மார்க் போடுவீர்களா? இத்தனைக்கும் இதுவரை தேடியதே கொஞ்சம். பல பத்தாண்டுகள் இந்தத் தேடலிலேயே இருந்த ஜில் டார்ட்டர், நாம் பார்த்திருப்பது கடலில் ஒரு டம்ளர் தண்ணீர் மொண்ட மாதிரிதான் என்பார். டம்ளரில் மீன் இல்லை என்பதற்காகக் கடலில் மீனே இல்லை என்று யாரும் சொல்வதில்லை.

தம்பி சொன்னது தவறு. அன்று நீங்கள் போகச் சொன்னதும் சரி என்றே நினைக்கிறேன். சும்மா இருந்திருந்தால் சம்பந்தியம்மா உங்கள் வீட்டுப் படி ஏறியிருப்பாரா? அந்தச் சொல்லை மன்னிப்பதும் மன்னிக்காததும் அவர் இஷ்டம், அதில் நீங்கள் முந்திக்கொள்ள முடியாது. மருமகளிடம் போய், "சின்ன மாமாதானே, விட்டுடும்மா" என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். நம் வீடுகளில் சகிப்புத்தன்மை என்றால் பெரும்பாலும் அடிபட்டவரைப் பொறுத்துப்போகச் சொல்வதுதான்.

ஆனால் தம்பியை வீட்டில் சேர்ப்பது வேறு, அவரோடு பேசுவது வேறு. பேச யாருடைய அனுமதியும் வேண்டாம். டீக்கடையில் பேசலாம், வரப்பில் நின்று பேசலாம். "நீ சொன்னது தப்பு, அதில் மாற்றமில்லை" என்பதையும் பேசினால்தானே சொல்ல முடியும்?

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது அந்த மொச்சைப் பை வரும் இடத்தைத்தான். 1977 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஓஹியோவில் ஒரு ரேடியோ தொலைநோக்கி 72 விநாடிகள் ஒரு வலுவான சிக்னலைப் பிடித்தது. சில நாள் கழித்து அச்சுத்தாளில் அதைக் கண்ட வானியலாளர் ஜெர்ரி எமன், சிவப்பு மையில் வட்டமிட்டு ஓரத்தில் 'வாவ்!' என்று எழுதிவைத்தார். அதே திசையில் எத்தனையோ முறை தேடிவிட்டார்கள். மறுபடி கேட்கவே இல்லை. யாராவது அனுப்பியதுதானா என்பதே இன்னும் தீரவில்லை. அவர்களால் போய்க் கேட்டுவிட்டு வர முடியாது. உங்களுக்குப் பக்கத்துத் தெரு.

பையைத் தம்பிதான் வைத்தார் என்றும் இல்லை. அவருக்குத் தெரியாமல் அவர் மனைவி வைத்திருக்கலாம், ஊரில் வேறு யாராவதுகூட வைத்திருக்கலாம். முதலில் உங்கள் மனைவியிடம் கேளுங்கள். யார் கொடுத்தது என்று தெரியாமல் அவர் குழம்பு வைத்திருக்க மாட்டார்.