டாஸ்மேனியர்கள் அழிந்தார்கள் என்று யார் சொன்னது?

கேள்வி: ஆஸ்திரேலியாவின் தீவு மாநிலமான டாஸ்மேனியாவின் கடைசிப் பழங்குடிப் பெண்ணான ட்ருகனினி 1876-ல் இறந்ததோடு அந்த இனமே அழிந்துவிட்டது என்று ஒரு பொது அறிவுப் புத்தகத்தில் படித்தேன். இப்போது சிலர் 'நாங்கள்தான் அவர்கள்' என்று நிலம் கேட்கிறார்களாம். இவர்கள் கலப்பினத்தவர்தானே? இல்லாத இனத்துக்கு எதற்கு நிலம்?
- வாசகர், தஞ்சாவூர்

பதில்: அந்தப் புத்தகத்தைத் தயவுசெய்து தூக்கிப் போடுங்கள். 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் டாஸ்மேனியாவில் பூர்வகுடியினர் என்று பதிந்துகொண்டவர்கள் 30,000 பேருக்கு மேல். ஆஸ்திரேலியாவின் மற்ற பகுதிகளிலிருந்து வந்து குடியேறியவர்களும் இதில் உண்டு, இருந்தாலும் பூஜ்யத்துக்கும் இதற்கும் எவ்வளவு தூரம் பாருங்கள்.

அழிக்கப் பார்த்தார்கள் என்பது உண்மை. 1803-ல் பிரிட்டிஷார் வந்து இறங்கினார்கள், மறு வருஷமே ரிஸ்டன் கோவ் என்ற இடத்தில் பூர்வகுடிகளைச் சுட்டுக் கொன்றார்கள். 1830-ல் பிடித்துக் கொடுத்தால் பெரியவருக்கு 5 பவுண்டு, குழந்தைக்கு 2 பவுண்டு என்று அரசாங்கமே விலை வைத்தது. மிஞ்சியவர்களை ஃபிளிண்டர்ஸ் தீவில் வைபலென்னா என்ற முகாமில் கொண்டுபோய் அடைத்தது, அங்கே நோயில் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். அந்த முகாமிலிருந்துதான் 1846-ல் விக்டோரியா மகாராணிக்கு ஒரு மனு போனது: நாங்கள் கைதிகளாகப் பிடிபட்டவர்கள் இல்லை, ஒப்பந்தம் பேசி எங்கள் நாட்டை விட்டு வந்தவர்கள், எங்களைக் கொடுமைப்படுத்திய அதிகாரியை மறுபடி இங்கே அனுப்பாதீர்கள் என்று.

இனி ட்ருகனினி. 1869-ல் வில்லியம் லேன் என்ற பூர்வகுடி ஆண் இறந்தபோது அவருடைய மண்டையோட்டைத் திருடிக்கொண்டு போனதை அறிந்தவர் ட்ருகனினி, தன் உடலுக்கும் அந்தக் கதி வந்துவிடுமோ என்று பயந்தே செத்தார். பயந்தபடியே நடந்தது. டாஸ்மேனியாவின் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் சங்கம் 1878-ல் புதைகுழியைத் தோண்டி எலும்பை எடுத்தது, பிற்பாடு அதை அருங்காட்சியகத்தில் நிறுத்தி 1947 வரை கூட்டத்துக்குக் காட்டினார்கள். எரித்துச் சாம்பலைக் கடலில் கரைக்க 1976 வரை ஆனது. 'கடைசி' என்ற பட்டம் அவருக்குச் செய்த மரியாதை இல்லை. கடைசி ஆள் போய்விட்டார் என்றால் நிலத்துக்கு யாரும் பதில் சொல்ல வேண்டாம், அவ்வளவுதான்.

ட்ருகனினி இறந்தபோது ஃபேனி காக்ரேன் ஸ்மித் என்ற பூர்வகுடிப் பெண் உயிரோடுதான் இருந்தார். 1834-ல் அதே வைபலென்னாவில் பிறந்து 11 பிள்ளைகள் பெற்றவர். எலும்பை எடுத்த அதே ராயல் சொசைட்டிதான் 1899-ல் அவரைப் பாடச் சொல்லி மெழுகு உருளையில் பதிவு செய்தது. 1903-ல் மறுபடி பாடினார். ஃபோனோகிராஃப் என்ற அந்தக் கால ஒலிப்பதிவுக் கருவியின் பெரிய குழலுக்கு முன்னால் அவர் பாடுகிற புகைப்படம் இருக்கிறது, குரலும் இருக்கிறது. அவருடைய சந்ததியார் இன்று ஏராளம்.

அப்புறம், டாஸ்மேனியாவுக்கும் ஆஸ்திரேலியப் பெருநிலத்துக்கும் நடுவில் இருக்கும் பாஸ் நீரிணைத் தீவுகள். சீல் என்ற கடல் விலங்கை வேட்டையாட வந்தவர்கள் தூக்கிக்கொண்டு போன பூர்வகுடிப் பெண்கள் அங்கே பிள்ளைகளை வளர்த்தார்கள். அவர்கள் வழிவந்தவர்கள் இன்றும் ஏப்ரல் மாதத்தில் மட்டன்பேர்ட் என்ற கடற்பறவையின் குஞ்சுகளை, பாம்பு இருந்தாலும் இருக்கும் வளைக்குள் கையை விட்டுப் பிடிக்கிறார்கள். கடல் வற்றும் நேரத்தில் பாசியோடு ஒட்டியிருக்கும் அரிசி போன்ற சின்னச் சிப்பிகளைப் பொறுக்கி, சுத்தம் பண்ணி, துளையிட்டு மாலை கோக்கிறார்கள், அம்மாவிடமிருந்து மகள் கற்றுக்கொண்டு. இவர்களுக்காகத்தான் அரசாங்கம் 1912-ல் கேப் பேரன் தீவுச் சட்டம் போட்டு 'கலப்பினத்தவர்' என்று பெயர் வைத்தது. நீங்களும் அதே வார்த்தையைத்தான் எடுத்திருக்கிறீர்கள். ஒரு பிள்ளை தாயின் இனமா இல்லையா என்பதை அந்தத் தாயைக் கடத்தியவர்களின் அரசாங்கமா முடிவு செய்யும்?

நிலம் எதற்கு என்றால், அது அவர்களுடையது. 1995-ல் டாஸ்மேனிய அரசே சட்டம் போட்டு 12 இடங்களைத் திருப்பிக் கொடுத்தது, ரிஸ்டன் கோவும் அதில் ஒன்று. 1999-ல் வைபலென்னா, 2005-ல் கேப் பேரன் தீவின் பெரும்பகுதி. தீவு முழுவதையும் பறித்துக்கொண்டு இவ்வளவுதான் கொடுத்திருக்கிறார்கள், மீதியைக் கேட்கிறார்கள்.