சவ்வை இரவல் தரும் பாக்டீரியா: கேள்வி பதில்

கே: பக்கத்துச் செல்லுக்கு வெளிச்சவ்வை (சில பாக்டீரியாவில் உள்சவ்வுக்கு வெளியே இருக்கும் இரண்டாம் உறை) கொடுப்பது எல்லா பாக்டீரியாவுக்கும் உண்டா?

ப: இல்லை. நன்கு ஆராயப்பட்டது மண்வாசியான மிக்சோகாக்கஸ் சாந்தஸ். 1977இல் ஹாட்ஜ்கின், கைசர் என்ற ஆய்வாளர்கள் அதில் ஒரு விந்தையைக் கண்டார்கள். நகர முடியாத சில திரிபு வகைகளை வேறு செல்களோடு கலந்தால், அவை நகரத் தொடங்கின. ஆனால் அந்தத் திறன் சந்ததிக்குப் போகவில்லை. இரவல் செருப்புதானே, எத்தனை நாள் உழைக்கும்? கைமாறியது மரபணு அல்ல, நகர்வுக்கு வேண்டிய டிஜிஎல் போன்ற புரதங்கள். இரு செல்களின் மேற்பரப்பிலும் ஒரே வகை ட்ராஏ புரதம் இருந்தால் ஒன்றையொன்று அடையாளம் கண்டு பற்றிக்கொள்கின்றன; இதில் ட்ராஏவுக்குக் கூட்டாளி ட்ராபி என்ற இன்னொரு புரதம். வெளிச்சவ்வின் கொழுப்பும் புரதமும் இடம் மாறுகின்றன. உள்சவ்வுப் புரதங்கள் மாறுவதில்லை.

கே: மருந்து எதிர்ப்பு இப்படித்தான் பரவுகிறதா?

ப: இல்லை. எதிர்ப்புக்கான மரபணுவைத் தாங்கும் டி.என்.ஏ. இதில் கைமாறுவதில்லை. எழுதி ஒட்டிவைத்துக்கொள்ளுங்கள்.

கே: தயிரில் நடக்குமா?

ப: தயிர் பாக்டீரியாவுக்கு வெளிச்சவ்வே கிடையாது.

கே: குடுவையில் இரவெல்லாம் குலுக்கி வளர்த்தேன். பரிமாற்றம் நடக்கவில்லை.

ப: குலுக்கினால் எப்படி நடக்கும்? செல்கள் ஒட்டி உரசி நகரத் திடமான பரப்பு வேண்டும். அகர் தட்டில் (கூழாக உறையவைத்த வளர்ப்புத் தட்டு) வையுங்கள்.

கே: கொடுப்பவருக்கு என்ன லாபம்?

ப: சவ்வு பழுதான உறவுக்காரச் செல் இதனால் தேறிக்கொள்கிறது. ஆனால் தானம் என்று உருகிவிடாதீர்கள். அதே வழியில் சிட்ஏ என்ற நச்சுப் புரதமும் போகிறது. அந்த நச்சை முறிக்கும் புரதமோ கைமாறுவதில்லை. அதைத் தானே தயாரிக்கத் தெரிந்த உறவு பிழைக்கும். ட்ராஏ பொருந்தி உள்ளே வந்த அந்நியன் சாவான். இதைக் காட்டிய 2017ஆம் ஆண்டு ஆய்வுதான் எனக்கு மிகப் பிடித்தது.

கே: நானோகுழாய் (செல்களை இணைப்பதாகச் சொல்லப்படும் மிக மெல்லிய குழாய்) வழியாகப் பரிமாறுவதை ஏன் மறைக்கிறீர்கள்?

ப: மறைக்கவில்லை, அது வேறு கதை. 2011இல் அதைச் சொன்னது பேசிலஸ் சப்டிலிஸ் என்ற வேறொரு பாக்டீரியாவில். அதற்கும் வெளிச்சவ்வு இல்லை. 2020இல் வேறொரு குழு, அந்தக் குழாய்கள் சாகும் செல்களிலிருந்து கிளம்புபவை என்று காட்டியது.

கே: (அதே அன்பர்) அப்படியானால் நுண்ணோக்கிப் படங்கள் பொய்யா?

ப: படம் பொய்யில்லை ஐயா. படத்துக்குச் சொன்ன பொருளில்தான் சண்டை. குழாய் தெரிவது ஒன்று, உயிருள்ள செல் அதன் வழியே பொருள் அனுப்புவது இன்னொன்று.

கே: (அதே அன்பர்) நீங்கள் ஒரு கட்சி சார்ந்து பேசுகிறீர்கள்.

ப: ஆமாம், சான்றின் கட்சி. அடுத்தவர்.

கே: மருந்து எதிர்ப்பு இதனால் பரவுமா?

ப: மேலே இரண்டாவது பதில்.