முதல் வீடு கட்டப் போகிறோம், சதுர அடிக்கு எவ்வளவு ஆகும், எதிலிருந்து தொடங்குவது?

மனை கையில் இருக்கிறது, கொஞ்சம் சேமிப்பு உண்டு, மீதிக்குக் கடன் வாங்கலாம் என்று இருக்கிறோம், சதுர அடிக்கு எவ்வளவு ஆகும் என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் என் மனைவியும் கட்டி முடித்துக் குடியிருக்கிற அனுபவத்தில் சொல்கிறேன். சதுர அடி ரேட்டை விசாரிப்பதைக் கொஞ்ச நாள் தள்ளிவையுங்கள். மொத்தம் எவ்வளவு பணம் புரட்ட முடியும் என்பதை முதலில் எழுதுங்கள், வீட்டின் அளவு அந்தத் தொகையிலிருந்துதான் வரவேண்டும். நிறைய பேர் ஆசைக்குப் பிளான் போட்டுவிட்டு அப்புறம் அதற்குப் பணம் தேடுகிறார்கள், கூரை வரைக்கும் வந்து வேலை நின்றுபோன வீடுகளில் பலவற்றின் கதை இதுதான்.

எழுதுவது எப்படி? சேமிப்பிலிருந்து ஆறு மாத வீட்டுச் செலவை எடுத்து ஓரமாக வைத்துவிடுங்கள், அதைத் தொடவே கூடாது. கடன் எவ்வளவு கிடைக்கும் என்று பார்க்காதீர்கள், மாதத் தவணை எவ்வளவு கட்ட முடியும் என்று பாருங்கள். இப்போது வாடகை வீட்டில் இருந்தால், வீடு முடியும்வரை வாடகையும் கடன் வட்டியும் சேர்ந்தே போகும், அந்த மாதங்களையும் கணக்கில் கொண்டுவாருங்கள். இப்படி வருகிற மொத்தத்தை அப்படியே கட்டடத்துக்கான பணம் என்று நினைத்துவிட வேண்டாம். சதுர அடி ரேட்டுக்குள் பெரும்பாலும் வராத செலவுகள் வரிசையாக நிற்கின்றன: பிளான் அனுமதிக் கட்டணம், இன்ஜினியர் கட்டணம், மண் பரிசோதனை, கட்டுமானத்துக்குத் தண்ணீர், தற்காலிக மின் இணைப்பு, பிறகு நிரந்தர இணைப்புகள், சம்ப் (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி), செப்டிக் டேங்க், சுற்றுச்சுவர், கேட், அலமாரிகள், விளக்குகள். மனை பள்ளமாக இருந்தால் மண் நிரப்புவது தனி. 1,000 சதுர அடியை 2 அடி உயர்த்த 2,000 கன அடி மண் வேண்டும், இறுகினால் அடங்கிவிடும் என்பதால் அதைவிடக் கூடுதலாகவே கொட்ட வேண்டியிருக்கும். இவை எல்லாவற்றையும் கழித்துவிட்டு, மீதியில் 10 முதல் 15 சதவீதத்தை எதிர்பாராத செலவுக்கென்று தனியாக வைத்தபின் நிற்பதுதான் கட்டடத்துக்கான பணம். முதல்முறை பார்க்கும்போது மனசு கஷ்டப்படும், எங்களுக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது, ஆனால் அந்தத் தொகை உண்மையான தொகை.

இப்போதுதான் அளவு. உள்ளே நடமாடுகிற இடம் வேறு, நீங்கள் பணம் கொடுக்கிற பரப்பு வேறு. உள்ளளவு 10க்கு 12 அடி அறை 120 சதுர அடி. சுற்றிலும் 9 அங்குலச் சுவர் வைத்தால் வெளியளவு 11.5க்கு 13.5, அதாவது ஏறக்குறைய 155 சதுர அடி. பக்கத்து அறையோடு சுவரைப் பகிரும்போது இந்த வித்தியாசம் குறையும், ஆனாலும் சுவர், நடை, படிக்கட்டு என்று கணிசமான பரப்பு போய்விடும். அதனால் எத்தனை அறை வேண்டும் என்பதோடு நிற்காமல், ஒவ்வோர் அறையிலும் என்ன செய்யப் போகிறீர்கள், கட்டில் எங்கே, கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று அளவோடு வரைந்து பாருங்கள். இப்போது குடியிருக்கிற வீட்டிலேயே டேப்பைப் பிடித்து அளந்து பார்த்தால், 12 அடி என்பது எவ்வளவு என்று கைக்குப் பிடிபடும். 12க்கு 14 அறையை 11க்கு 13 ஆக்கினால் 25 சதுர அடி மிச்சம், இப்படி நான்கு அறையில் குறைத்தால் 100 சதுர அடி, உள்ளே இருப்பவருக்கு அது பெரிதாகத் தெரியாது. பணம் போதாதபோது மட்டமான பொருளுக்கு இறங்குவதைவிட அளவைக் குறைப்பதுதான் நல்லது என்பது என் உறுதியான கருத்து.

வீட்டின் வடிவமும் செலவைத் தீர்மானிக்கும். 30க்கு 30 வீடும் 60க்கு 15 வீடும் ஒரே 900 சதுர அடிதான், ஆனால் முதலாவதின் வெளிச்சுவர் 120 அடி, இரண்டாவது 150 அடி. மூலைகளும் மடிப்புகளும் கூடக் கூட சுவர், பூச்சு, பெயின்ட் எல்லாம் கூடும். கீழே ஒன்று மேலே ஒன்று என்று கட்டினால் ஒரே அஸ்திவாரமும் ஒரே கூரையும் இரண்டு தளத்துக்கும் பயன்படும், பதிலுக்குப் படிக்கட்டு இடம் கேட்கும். 10 அடி உயரத்துக்கு ஒரு படி 6 அங்குலம் என்றால் 20 ஏற்றம், அது திரும்பி ஏறுகிற படிக்கட்டாக இருந்தால் 70 சதுர அடிக்கு மேல் எடுத்துக்கொள்ளும். குளியலறைக்கு மேலேயே குளியலறை வருவதுபோல அமைத்தால் குழாய் வேலை குறையும், பின்னால் கசிவு வந்தாலும் தேட எளிது. மாடி பிற்பாடு கட்டுவோம் என்ற எண்ணம் இருந்தால் அதை இப்போதே இன்ஜினியரிடம் சொல்லிவிடுங்கள், தூணும் அஸ்திவாரமும் அந்தப் பாரத்துக்கு இன்றைக்கே கணக்கிடப்பட்டிருக்க வேண்டும்.

மண் பரிசோதனையை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். தண்ணீர் பட்டால் உப்பி, காய்ந்தால் சுருங்குகிற களிமண் இருக்கிறது, சாதாரண ஆழத்தில் போட்ட அஸ்திவாரத்தை அது ஏற்றி இறக்கிச் சுவரில் விரிசல் விடும். பக்கத்து மனையில் ஒன்றும் ஆகவில்லையே என்பார்கள், கேட்காதீர்கள். மொத்தச் செலவில் பரிசோதனைக் கட்டணம் மிகச் சிறிய பங்கு, ஆனால் அந்த அறிக்கை வராமல் அஸ்திவாரச் செலவை யாராலும் சரியாகச் சொல்ல முடியாது. அறிக்கையைப் பார்த்து ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் (கட்டடத்தின் பாரத்தைக் கணக்கிடுபவர்) கொடுக்கிற கம்பி விவரத்தை மேஸ்திரி தன் பழக்கத்துக்கு மாற்றவும் விடாதீர்கள்.

பிளான் முடிவான பிறகு ரேட் கேளுங்கள். நாங்கள் சிலரிடம் எஸ்டிமேட் வாங்கியபோது ஒருவர் மற்றவர்களைவிட நன்றாகவே குறைத்துச் சொன்னார். அவர் சொன்னதில் சம்ப் இல்லை, குளியலறைச் சுவர் டைல்ஸ் பாதி உயரம்தான், ஜன்னல் கம்பி தனி, மொட்டை மாடியின் நீர்க்காப்பு (வாட்டர்ப்ரூஃபிங்) வேலை தனி. எல்லாரையும் ஒரே பட்டியலுக்கு ரேட் போடச் சொன்னதும் வரிசை தலைகீழானது. ஆகவே பட்டியலை நீங்களே தயாரித்துக் கொடுங்கள், இன்ஜினியர் உதவுவார்: சுவருக்கு என்ன கல், கம்பியும் சிமென்டும் என்ன தரம், ஒயர் என்ன தடிமன், ஓர் அறைக்கு எத்தனை பிளக் பாயின்ட், டைல்ஸுக்கு எந்த விலை வரை, கதவுக்கு எந்த மரம். "நல்ல தரம்" என்று மட்டும் எழுதியிருந்தால் அதற்கு அர்த்தமே இல்லை. பொருளும் ஆளும் சேர்த்துக் காண்ட்ராக்ட் விடுவதா, ஆள் கூலிக்கு மட்டும் விட்டுப் பொருளை நாமே வாங்குவதா என்றால், தினமும் சைட்டில் நிற்க உங்களில் ஒருவருக்கு நேரம் இருந்தால் மட்டும் இரண்டாவதைப் பற்றி யோசியுங்கள்.

பணம் போகிற வேகத்தையும் பார்க்க வேண்டும். வீட்டுக்கடன் பொதுவாக வேலை முடிய முடியத் தவணையாகத்தான் வரும், எனவே ஒவ்வொரு கட்டத்தையும் ஓட்டக் கொஞ்சம் கைப்பணம் எப்போதும் வேண்டும். கூரை கான்கிரீட் போட்டதும் வீடு முக்கால்வாசி முடிந்ததுபோலத் தெரியும், செலவு அப்படி இல்லை. பூச்சு, ஒயரிங், குழாய், தரை, கதவு ஜன்னல், பெயின்ட், குளியலறைச் சாமான் என்று பெரிய பங்கு அதற்குப் பிறகுதான் வருகிறது, அதுவும் கடையில் ஆசை காட்டுகிற பொருளெல்லாம் அந்தக் கட்டத்தில்தான். செலவைக் குறைத்தே தீர வேண்டும் என்றால் அலமாரி, ஃபால்ஸ் சீலிங், அலங்கார விளக்கு இவற்றைத் தள்ளிப்போடுங்கள், அவற்றுக்கான ஒயர் குழாயை மட்டும் இப்போதே சுவருக்குள் விட்டுவையுங்கள். அஸ்திவாரம், கம்பி, நீர்க்காப்பு, சுவருக்குள் போகிற ஒயரும் குழாயும், இவற்றில் மிச்சம் பிடிக்கவே வேண்டாம். கான்கிரீட் முழு வலு பெற்றதாகக் கணக்கு வைக்கிற காலம் 28 நாள், அதில் முதல் 7 நாளிலேயே ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வலு வந்துவிடும், அந்த நாட்களில் விடாமல் ஈரம் காப்பதற்குத் தண்ணீரும் கூலியும்தான் செலவு.

வேலை தொடங்கிய பிறகு பிளானை மாற்றுவது பட்ஜெட்டைத் தின்றுவிடும். சுவரை இடித்து ஜன்னலை நகர்த்தினால் கட்டிய கூலி, இடித்த கூலி, மறுபடி கட்டிய கூலி என்று மூன்று கூலி. அப்படியும் மாற்றியே ஆகவேண்டும் என்றால், கூடுதல் தொகையையும் கூடுதல் நாட்களையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு வேலையை ஆரம்பிக்கச் சொல்லுங்கள். ஒரு நோட்டோ எக்செல் ஷீட்டோ போட்டு எஸ்டிமேட், பேசிய தொகை, கொடுத்தது, பாக்கி என நான்கு கட்டம் வைத்து வாரம் ஒருமுறை இருவரும் சேர்ந்து உட்கார்ந்து எழுதுங்கள்.

ஒப்பந்தத்தில் பணம் கொடுக்கும் கட்டங்களை அஸ்திவாரம், பேஸ்மட்டம் (வீட்டுத் தரை தொடங்கும் உயரம்), லின்டல் (கதவு ஜன்னலுக்கு மேலே வரும் உத்தரம்), கூரை, பூச்சு என்று முடிந்த வேலைக்கு எதிராக வையுங்கள், தேதிக்கு எதிராக வேண்டாம். மொத்தத்தில் 5 சதவீதத்தை நிறுத்திவைத்து, குடிவந்து ஒரு மழைக்காலம் போய் கசிவும் விரிசலும் சரிசெய்யப்பட்ட பிறகு தருவதாகக் கையெழுத்துக்கு முன்பே பேசி எழுதிவிடுங்கள்.