சர்வர் டிராஃபிக்கை இழுப்பது யார்? பில் கட்டும் முன் ஐபி வாரியாகப் பாருங்கள்

கேள்வி: பவானியில் இருந்து ஜமக்காளம், போர்வை எல்லாம் இணையத்தில் விற்கிறோம். கடை ஒரு விபிஎஸ் சர்வரில் (வாடகைக்கு எடுத்த மெய்நிகர் சர்வர்) ஓடுகிறது. மாதம் 1 டிபி (1,000 ஜிபி) டிராஃபிக், அதாவது தரவுப் போக்குவரத்து, அனுமதி. மூன்று மாதமாக அதைத் தாண்டிவிட்டது என்று, வெப்சைட் செய்து கொடுத்தவர் கூடுதல் கட்டணம் கேட்கிறார். பெரிய பிளானுக்கு மாறச் சொல்கிறார். ஆனால் ஆர்டர் ஒன்றும் கூடவில்லை. யார் எவ்வளவு இழுக்கிறார்கள் என்று தனித்தனியாகப் பார்க்க முடியுமா?

பதில்: முடியும், காசு செலவில்லாமலே. பிளான் மாற்றும் பேச்சை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு கணக்கு. உங்கள் கடையின் ஒரு பக்கம் படங்களோடு சேர்த்து 3 எம்பி என்று வையுங்கள். 1 டிபி தீர வேண்டுமானால் அந்தப் பக்கத்தை 3,33,000 தடவை திறக்க வேண்டும். அத்தனை பேர் வந்து பார்த்துவிட்டு ஒருவர்கூடக் கூடுதலாக ஆர்டர் போடாமல் போவார்களா? அநேகமாக இழுப்பது வாங்க வந்தவர்கள் அல்ல.

சர்வரில் விஎன்ஸ்டாட் என்ற இலவச மென்பொருளைப் போடச் சொல்லுங்கள். மொத்தம் எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது என்று நாள் வாரியாக, மாத வாரியாகக் காட்டும். யார் இழுத்தார்கள் என்று சொல்லாது. பில்லோடு ஒப்பிட மட்டும் இது. போட்ட நாளில் இருந்துதான் எண்ணும் என்பதால் தள்ளிப்போடாதீர்கள். இது ஒரு ஜிபிக்கு 1024 எம்பி என்று கணக்கிடுகிறது, சர்வரை வாடகைக்குத் தரும் ஹோஸ்டிங் கம்பெனிகள் பெரும்பாலும் 1000 என்று. அதனால் பில்லில் 1 டிபி என்று இருப்பது இதில் 931 ஜிபி அளவில் தெரியும். அந்த வித்தியாசத்துக்காக யாரையும் சந்தேகப்பட வேண்டாம். சர்வரில் டாக்கர் (மென்பொருள்களைத் தனித்தனிப் பெட்டிகளாக ஓட்டும் கருவி) இருந்தால் அதன் உள் இணைப்புகளையும் சிலர் சேர்த்துக் கூட்டிவிடுவார்கள். ஒரே டிராஃபிக் இரண்டு தடவை எண்ணப்படும். வெளி உலகுக்குப் போகும் இணைப்பை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள்.

நீங்கள் கேட்டபடி ஐபி (இணையத்தில் ஒவ்வொரு இணைப்புக்கும் உள்ள எண் முகவரி) வாரியாகக் கணக்குப் பார்க்க டார்க்ஸ்டாட் என்ற இலவச மென்பொருள் போதும். சர்வரோடு பேசிய ஒவ்வொரு முகவரிக்கும் வந்தது இவ்வளவு, போனது இவ்வளவு என்று பிரவுசரிலேயே பட்டியல் தரும். நீங்கள் பார்க்க வேண்டியது சர்வரில் இருந்து வெளியே போன கணக்கு. பெரிய கிளவுட் நிறுவனங்கள் உள்ளே வருவதற்குக் கட்டணம் வாங்குவதில்லை, வெளியே போவதற்குத்தான் வாங்குகின்றன. ஒரு எச்சரிக்கை: டார்க்ஸ்டாட் பக்கம் கடவுச்சொல் கேட்காது. அந்தப் பக்கத்துக்கு வாசலான 667-ஆம் போர்ட்டை ஃபயர்வாலில் (சர்வரின் காவல் மென்பொருளில்) மூடிவிட்டு, எஸ்எஸ்ஹெச் என்ற பாதுகாப்பான தொலை இணைப்பு வழியாக மட்டும் பாருங்கள். திறந்து விட்டால் உங்கள் சர்வரோடு யார் யார் பேசுகிறார்கள் என்பதை ஊரே பார்க்கும்.

ஒரு வாரம் ஓடட்டும், பிறகு முதல் ஐந்து முகவரிகளைப் பாருங்கள். சின்னக் கடைகளில் முதலிடத்தில் அடிக்கடி நிற்பது பேக்கப். யாரோ எப்போதோ எழுதி வைத்த ஸ்கிரிப்ட், படங்கள் இருக்கும் ஃபோல்டர் முழுவதையும் தினமும் ராத்திரி வேறொரு சேமிப்பகத்துக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். 20 ஜிபி ஃபோல்டர் என்றால் மாதத்துக்கு 600 ஜிபி; உங்கள் அனுமதியில் பாதிக்கு மேல் அங்கேயே போய்விடும். மாறிய ஃபைல்களை மட்டும் அனுப்பும்படி திருத்தினால் தீர்ந்தது. அடுத்து, பக்கங்களை வாரிக்கொண்டு போகும் பாட்கள் (தானியங்கி நிரல்கள்). கூகுள் பாட் என்று பெயர் போட்டுக்கொண்டு வருவதெல்லாம் கூகுள் அல்ல. அந்த ஐபிக்கு உரிய பெயரை டிஎன்எஸ்ஸில் (இணையப் பெயர்ப் பதிவேட்டில்) தேடினால் கூகுளின் டொமைன் (தளப் பெயர்) வர வேண்டும், அந்தப் பெயரைத் தேடினால் மறுபடி அதே ஐபி வர வேண்டும். வராவிட்டால் தடுத்துவிடுங்கள்.

இதில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது, அதைச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள். உங்கள் கடைக்கு முன்னால் கிளவுட்ஃபிளேர் போன்ற சிடிஎன் (வாடிக்கையாளருக்கும் சர்வருக்கும் இடையில் நின்று பக்கங்களைக் கொடுக்கும் சேவை) இருந்தால், டார்க்ஸ்டாட் பட்டியலில் வாடிக்கையாளர்களின் ஐபி வராது. சென்னையில் இருந்து பார்த்தாலும் சிங்கப்பூரில் இருந்து பார்த்தாலும் உங்கள் சர்வரைத் தொடுவது கிளவுட்ஃபிளேரின் முகவரிதான். அந்த முகவரிகள் மேலே நிற்பதைப் பார்த்துவிட்டு, ‘இவன்தான் தாக்குகிறான்’ என்று தடுத்துவிடாதீர்கள். கடையே படுத்துவிடும். இப்படிப்பட்ட சர்வரில் உண்மையான ஐபி வேண்டுமென்றால் பக்கங்களைக் கொடுக்கும் வெப் சர்வர் மென்பொருளான என்ஜின்எக்ஸின் அக்சஸ் லாகைத்தான் (வருகைப் பதிவேடு) பார்க்க வேண்டும். அதிலும் உண்மையான ஐபியைப் பதியும்படி முதலில் அமைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் லாகிலும் கிளவுட்ஃபிளேர்தான் இருக்கும். சிடிஎன் இருந்தும் டார்க்ஸ்டாட்டில் முன்பின் தெரியாத முகவரிகள் நிறைய இழுத்தால், உங்கள் சர்வரின் நேரடி ஐபி வெளியே தெரிந்துவிட்டது. அப்போது வெப் போர்ட்டுகளைச் சிடிஎன் முகவரிகளுக்கு மட்டும் திறந்து வைக்கச் சொல்லுங்கள். சிடிஎன் இல்லாத கடைக்கு இந்தப் பத்தியே வேண்டாம்.

இனி உங்களிடம் பணம் கேட்பவரைப் பற்றி. ஐஎஃப்டாப் திரையைப் படம் பிடித்து அனுப்பி, ‘பாருங்கள், எவ்வளவு ஓடுகிறது’ என்பார். அது 2, 10, 40 விநாடிகளின் சராசரியைக் காட்டும் கருவி. அந்த நிமிடத்து ஓட்டத்தை வைத்து மாதக் கணக்கைச் சொல்ல முடியாது. மெகாபிட்டை மெகாபைட் என்று சொல்லிக் கணக்கை எட்டு மடங்கு ஊதுபவர்களும் இருக்கிறார்கள். ஹோஸ்டிங் கம்பெனி அனுப்பிய அசல் பில்லையும், கம்பெனியின் பேனலில் உள்ள கிராஃபையும் கேளுங்கள். அவர் கைப்பட எழுதிய தொகைக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

இதைவிட முக்கியம்: அந்த ஹோஸ்டிங் கணக்கு யார் பெயரில் இருக்கிறது? சர்வரில் முழு அதிகாரம் தரும் ரூட் கடவுச்சொல் யாரிடம்? டொமைன் யார் மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறது? மூன்றுமே அவரிடம் இருந்தால், நான் மேலே சொன்ன எதையும் அவர் தயவில்லாமல் உங்களால் செய்ய முடியாது. ‘உங்களுக்கு டெக்னிக்கல் புரியாது, நானே பார்த்துக்கொள்கிறேன்’ என்று சொல்லித்தான் இவர்கள் சாவியைக் கையில் வைத்துக்கொள்கிறார்கள். ஆண்டுக்கணக்கில் நெய்து சேர்த்த வியாபாரத்தின் முகவரி இன்னொருவர் பெயரில் இருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

ஹோஸ்டிங் கம்பெனிகளும் ஒத்துழைப்பதில்லை. எந்த முகவரிக்கு எவ்வளவு போனது என்று அவர்களது ரவுட்டரிலேயே நெட்ஃப்ளோ என்ற பதிவு முறை மூலம் எடுக்க முடியும். ஆனால் வாடிக்கையாளருக்கு வருவது ‘கூடுதல் பேண்ட்வித்’ என்ற ஒற்றை வரி. 2022 ஏப்ரலில் இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் பிறப்பித்த உத்தரவு, சிஸ்டம் லாகுகளை 180 நாள் வைத்திருக்கச் சொல்கிறது. அரசு கேட்டால் எடுத்துக் கொடுக்க ஆள் இருக்கும். காசு கட்டுகிறவர் கேட்டால் டிக்கெட் போடு, காத்திரு என்பார்கள். என்றாலும் எழுத்தில் கேளுங்கள், எழுத்தில் பதில் வாங்குங்கள். உபுண்டு இயங்குதளம் உள்ள சர்வரில் என்ஜின்எக்ஸ் லாக் இயல்பாக 14 நாள்தான் தங்கும். அதையும் 180 நாளுக்கு நீட்டச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் தகராறு வரும் நாளில் உங்கள் கையில் ஒரு தாளும் இருக்காது.

வரிசை இதுதான்: கடையின் முழு பேக்கப் ஒன்றை உங்கள் சொந்தக் கணினியில் இறக்கி, அது திறக்கிறதா என்று பாருங்கள். டொமைனை உங்கள் மின்னஞ்சலுக்கு மாற்றுங்கள். ரூட்டை வாங்கிக் கடவுச்சொல்லை மாற்றி, பழைய எஸ்எஸ்ஹெச் சாவிகளை நீக்குங்கள். டார்க்ஸ்டாட்டைப் பற்றி அவரிடம் அதற்குப் பிறகு பேசுங்கள்.