பெரிய நாய்களும் வெளிநாட்டுப் பயணமும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: உலகிலேயே உயரமான நாய் எது, கனமான நாய் எது? அளவு பெரிதானால் ஆபத்தும் பெரிதுதானா?

பதில்: உயரத்தில் முன்னிற்பவை கிரேட் டேன், ஐரிஷ் உல்ஃப்ஹவுண்ட் ஆகிய இரண்டு இனங்கள், எடையில் முன்னிற்பது இங்கிலீஷ் மாஸ்டிஃப். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் வளர்ந்த ஜீயஸ் என்னும் கிரேட் டேன், 2011-இல் அளந்தபோது தரையிலிருந்து தோள்பட்டை வரை 111.8 சென்டிமீட்டர் உயரம் இருந்து கின்னஸ் சாதனைப் பட்டியலில் இடம்பெற்றது. ஜோர்பா என்னும் மாஸ்டிஃப் 1989-இல் 155.6 கிலோ எடை இருந்ததாகப் பதிவாகியிருக்கிறது.

இத்தகைய இனங்களை மனிதர்கள் ஒரு வேலைக்காகவே வளர்த்தெடுத்தார்கள். கிரேட் டேனின் முன்னோர்கள் ஜெர்மனியில் காட்டுப்பன்றியை வேட்டையாடியவை. ஐரிஷ் உல்ஃப்ஹவுண்ட் ஓநாய் வேட்டைக்கு உரியது; 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அயர்லாந்தில் ஓநாய்கள் அற்றுப்போனபின் அந்த இனமும் அழிவின் விளிம்புக்குச் சென்றது. 1860-களில் ஜார்ஜ் அகஸ்டஸ் கிரஹாம் என்னும் ராணுவ அதிகாரி எஞ்சியிருந்த நாய்களைத் தேடிச் சேர்த்து, பிற இனங்களோடு கலந்து அதை மீட்டெடுத்தார். இன்றைய உல்ஃப்ஹவுண்ட் அந்நியரிடமும் சாதுவாகப் பழகும் என்பதால், வீட்டுக் காவலுக்கு அதை யாரும் பரிந்துரைப்பதில்லை.

ஆகவே உயரத்தை வைத்து நாயின் குணத்தை முடிவுசெய்ய முடியாது. அது நின்றுகொண்டிருக்கும் இடத்தில் எந்தப் பொறுப்பில் இருக்கிறது, அதற்குரியவர் அருகில் இருக்கிறாரா என்பதைப் பார்ப்பதே பயணிக்கு உதவும். ஆனாலும் எழுபது கிலோ எடையுள்ள நாய் விளையாட்டாகத் தாவினாலும் வளர்ந்த மனிதரே கீழே விழக்கூடும் என்பதால், குழந்தைகளோடும் முதியவர்களோடும் செல்பவர்கள் சற்று விலகியே நடப்பது நல்லது. பேருருவத்துக்கு இந்த நாய்கள் கொடுக்கும் விலை பெரிது. சிறிய இனங்கள் பதினான்கு, பதினைந்து ஆண்டுகள் வாழ்வது சாதாரணம். கிரேட் டேன் பெரும்பாலும் எட்டு, ஒன்பது ஆண்டுகளிலேயே முதுமையடைந்து இறந்துவிடுகிறது. ஜீயஸும் ஆறாவது வயதைக் காணாமலே இறந்தது. பெரிய நாயை வளர்க்க ஆசைப்படுபவர்கள் இதை முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன்.

கேள்வி: செயின்ட் பெர்னார்ட் நாய்கள் கழுத்தில் பிராந்திப் பீப்பாய் கட்டிக்கொண்டு பனியில் சிக்கியவர்களைக் காப்பாற்றின என்பது உண்மையா? அவற்றை இன்றும் பார்க்க முடியுமா?

பதில்: காப்பாற்றியது உண்மை, பீப்பாய் ஓவியர் ஒருவரின் கற்பனை. சுவிட்சர்லாந்துக்கும் இத்தாலிக்கும் இடையில், 2,469 மீட்டர் உயரத்திலுள்ள கிரேட் செயின்ட் பெர்னார்ட் கணவாயில் வழிப்போக்கர்களுக்கு அடைக்கலம் தந்த மடத்தின் துறவிகள், 17-ஆம் நூற்றாண்டிலிருந்து இந்த நாய்களை வளர்த்தார்கள். ஆங்கில ஓவியர் எட்வின் லான்ட்சியர் 1820-இல் தீட்டிய ஓர் ஓவியத்தில் நாயின் கழுத்தில் சிறு பீப்பாயை வரைந்துவிட, அது அப்படியே உலகெங்கும் பரவிவிட்டது. அந்த நாய்களில் புகழ்பெற்றது பாரி. நாற்பதுக்கும் மேற்பட்டவர்களைக் காப்பாற்றியதாகச் சொல்லப்படும் அந்த நாய் 1814-இல் இறந்தது. பதப்படுத்தப்பட்ட அதன் உடலை பெர்ன் நகர இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் காணலாம்.

பாரி இன்றைய செயின்ட் பெர்னார்டைவிட மிகச் சிறியது. பிற்காலத்தில் நியூஃபவுண்ட்லாந்து நாய்களோடு கலந்தபோது பிறந்த நீண்ட முடியுள்ள நாய்களின் உடலில் பனிக்கட்டி ஒட்டிக்கொண்டதால், அவை மலைப்பணிக்கு ஒத்துவரவில்லை. இன்று மீட்புப் பணியை ஹெலிகாப்டர்களும் இலகுவான வேறு நாய்களும் ஏற்றுக்கொண்டுவிட்டன. மார்டினி நகரிலுள்ள அறக்கட்டளை இந்த இனத்தைத் தொடர்ந்து வளர்க்கிறது. கோடையில் சில நாய்களைக் கணவாய்க்கும் கொண்டுசெல்கிறார்கள்.

கேள்வி: ஐரோப்பிய ரயில்களில் வாய்ப்பூட்டு அணிந்த பெரிய நாய்கள் உட்கார்ந்திருக்கின்றன. அவை கடிக்கக்கூடியவை என்று பொருளா?

பதில்: இல்லை. வியன்னாவின் நகரப் போக்குவரத்திலும் ஜெர்மனியின் ரயில்களிலும் பெரிய நாய்களுக்கு வாய்ப்பூட்டு கட்டாயம் என்பதால், மிகச் சாதுவான நாயும் அதை அணிந்துதான் வர வேண்டும். தொட விரும்பினால் உரிமையாளரிடம் கேளுங்கள். அவர் சம்மதித்தபின் நாய் தானே முன்வந்து உங்கள் கையை முகரட்டும். உதவி நாய் என்று மேலங்கியில் எழுதியிருந்தால் அனுமதிகூடக் கேட்காமல் விலகிவிடுங்கள், ஏனெனில் அதன் கவனம் சிதறினால் பாதிப்பு அதை நம்பியிருக்கும் மனிதருக்கு.

கேள்வி: நாங்கள் நண்பர்களாக ஆல்ப்ஸ் மலையில் நடைப்பயணம் செல்லத் திட்டமிட்டிருக்கிறோம். ஆட்டு மந்தைகளுக்குக் காவலாக வெள்ளை நிறப் பெரிய நாய்கள் இருக்கும் என்கிறார்கள். அவை எதிரில் ஓடிவந்தால் என்ன செய்வது?

பதில்: இந்தப் பகுதியின் மிக முக்கியமான கேள்வி இதுதான். பிரான்ஸில் பட்டூ என்று அழைக்கப்படும் பைரனீஸ் மலை நாய், இத்தாலியின் மாரெம்மா, துருக்கியின் கங்கால், ஜார்ஜியாவின் மலைகளில் காணப்படும் காகேசிய நாய் ஆகிய எல்லாமே மந்தைக் காவலுக்கென்று வளர்க்கப்படுபவை. பிரான்ஸிலிருந்து முற்றிலும் மறைந்திருந்த ஓநாய்கள் 1992-இல் மெர்கன்டூர் பகுதியில் மீண்டும் தென்பட்டதைத் தொடர்ந்து, இந்த நாய்கள் அங்குள்ள மேய்ச்சல் நிலங்களுக்குப் பெருமளவில் திரும்பின. நமீபியாவில் சீட்டா பாதுகாப்பு நிதியம் 1994 முதல் துருக்கிய வகை நாய்களை விவசாயிகளுக்கு வழங்குகிறது. ஆடுகள் தப்புவதால் சீட்டா எனப்படும் சிவிங்கிப்புலிகளைச் சுட்டுக்கொல்லும் தேவையும் குறைகிறது என்பதால், ஒரே நாய் இரு பக்கமும் உயிர் காக்கிறது என்றே சொல்வேன்.

குட்டிப் பருவத்திலிருந்தே ஆடுகளோடு வளரும் இந்த நாய், மந்தையைத் தன் குடும்பமாகவே எண்ணுகிறது. மேய்ப்பர் கண்ணுக்கெட்டாத தூரத்தில் இருந்தாலும் தானாகவே முடிவெடுக்கிறது. அந்நியரைக் கண்டால் குரைத்துக்கொண்டே ஓடிவந்து, உங்களுக்கும் மந்தைக்கும் நடுவில் நின்றுவிடும். அதன் நோக்கம் உங்களை நிறுத்துவது, ஆகவே நின்றுவிடுங்கள். கைகளைத் தொங்கவிட்டு, கண்ணை உற்றுப் பார்க்காமல், தாழ்ந்த குரலில் நிதானமாகப் பேசுங்கள். நாய் முகர்ந்து பார்த்துத் திரும்பும்வரை காத்திருந்து, மந்தையைச் சுற்றிப் பெரிய வளையமாக விலகிச் செல்லுங்கள். அதற்கு இடமில்லையென்றால் முதுகைத் திருப்பாமல் வந்த வழியே பின்வாங்குங்கள்.

ஓடுவதும், கல் எறிவதும், ஊன்றுகோலை ஓங்குவதும் நீங்கள் பகைவர் என்பதை அதற்கு உறுதிப்படுத்தும். வழிதவறிய ஆட்டுக்குட்டியை இரக்கத்தால் தூக்குவதையும், மந்தையின் ஊடே புகுந்து படம் எடுப்பதையும் அறவே தவிர்க்க வேண்டும். சைக்கிளில் சென்றால் இறங்கி, வண்டியை நாய்க்கும் உங்களுக்கும் நடுவில் வைத்துத் தள்ளிக்கொண்டு நடங்கள். நாய் உங்களைக் கீழே தள்ளிவிட்டால் சுருண்டு படுத்து, கைகளால் கழுத்தையும் காதுகளையும் மூடிக்கொள்ளுங்கள். துருக்கியில் முள் பதித்த கழுத்துப்பட்டையைக் கண்டு மிரள வேண்டாம். ஓநாய் குரல்வளையைக் கவ்வாமல் இருக்க மேய்ப்பர்கள் அணிவித்த கவசம் அது. பாதைகளில் வைக்கப்பட்டுள்ள எச்சரிக்கைப் பலகைகளைப் படியுங்கள். சுவிட்சர்லாந்தில் காவல் நாய்கள் இருக்கும் மேய்ச்சல் நிலங்களைக் காட்டும் வரைபடமே கிடைக்கிறது, புறப்படுமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பயணத்தில் தெருநாய்க் குட்டி ஒன்று விளையாட்டாகக் கையைக் கீறிவிட்டது. ஊர் திரும்பியபின் ஊசி போட்டுக்கொண்டால் போதுமா?

பதில்: போதாது, அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும். வெறிநாய்க்கடி நோயின் அறிகுறிகள் தோன்றிவிட்டால் உயிர் பிழைப்பது ஏறத்தாழ இயலாது. ஆனால் உரிய நேரத்தில் தொடங்கிய சிகிச்சை நோயைத் தடுத்துவிடும். கடித்தது குட்டியா, வீட்டு நாயா, பார்ப்பதற்கு நலமாக இருக்கிறதா என்பதையெல்லாம் எண்ணித் தாமதிக்கக் கூடாது. சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் காயத்தைக் கழுவிவிட்டு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். இரத்தம் வந்த காயமென்றால் தடுப்பூசியோடு, காயத்திலேயே செலுத்தப்படும் இம்யூனோகுளோபுலின் மருந்தும் தேவைப்படும். சில நாடுகளில் அது எளிதில் கிடைப்பதில்லை. அத்தகைய இடங்களில் நீண்ட நாள் தங்குபவர்கள் ஒரு வார இடைவெளியில் இரண்டு முன்தடுப்பூசிகளைப் போட்டுக்கொள்வது பற்றி மருத்துவரைக் கலந்தாலோசிக்கலாம். அப்படிப் போட்டவர்களுக்குக் கடிபட்டபின் இம்யூனோகுளோபுலின் தேவையில்லை என்றாலும், மேலும் இரண்டு ஊசிகள் அவசியம்.

பல காலம் இந்நோய் இல்லாதிருந்த பாலித் தீவில் 2008-இல் அது பரவத் தொடங்கியது; ஓரிடத்தைப் பற்றிய பழைய தகவலை நம்ப முடியாது என்பதற்கு அதுவே சான்று. இஸ்தான்புல், திபிலிசி போன்ற நகரங்களில் தெருநாய்களின் காதில் காணப்படும் வில்லை, அவற்றுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்யப்பட்டதைக் குறிக்கும் அடையாளம். அது இருந்தாலும் சிகிச்சையைத் தவிர்க்கக் கூடாது.

கேள்வி: கங்கால் நாயோடு ஐரோப்பாவில் குடியேற முடியுமா?

பதில்: நாட்டைப் பொறுத்தது. டென்மார்க் 2010-இல் தடைசெய்த பதின்மூன்று இனங்களில் கங்காலும் உண்டு. பிரிட்டனின் 1991-ஆம் ஆண்டுச் சட்டம் ஜப்பானிய டோசா, டோகோ அர்ஜென்டினோ உள்ளிட்ட நான்கு இனங்களைத் தடைசெய்தது. 2023 இறுதியில் எக்ஸ்எல் புல்லி ஐந்தாவதாகச் சேர்ந்தது. கங்கால் அதில் இல்லை. தடையுள்ள நாட்டின் வழியாக ஊர்தியில் கடப்பதற்கும் தனி விதிகள் இருக்கலாம் என்பதால், செல்லும் நாட்டுத் தூதரகத்தில் மட்டுமன்றி வழியிலுள்ள நாடுகளின் தூதரகங்களிலும் எழுத்துமூலம் கேட்டறிந்த பிறகே பயணச்சீட்டு வாங்குங்கள்.