அடுத்த நம்பர் என்ன சார்?

கேள்வி: நம்பர் சீரிஸ்ல விடையைப் பாத்துட்டா ‘அட, இவ்ளோதானா’ன்னு இருக்கு. ஆனா டெஸ்ட்ல புதுசா ஒண்ணு வந்தா கண்ணு மட்டும் முழிச்சிட்டு இருக்கு, மூளை தூங்கிடுது. எங்கேர்ந்து ஆரம்பிக்கணும் சார்?

பதில்: விடையைப் பாத்து தலையாட்டுறது வேற, தானா கண்டுபிடிக்கிறது வேறங்க, அதனால மொதல்ல அந்த விடைப் பக்கத்த மூடி வைங்க. நிறைய பேர் சீரிஸ முறைச்சுப் பாத்துக்கிட்டே இருப்பாங்க, பேனா மட்டும் பேப்பர்ல எறங்காது. 5, 7, 11, 19, 35ன்னு வந்தா யோசிக்காதீங்க, கீழ வித்தியாசத்த எழுதுங்க: 2, 4, 8, 16. அவ்ளோதான், அடுத்தது 32, விடை 67. இதையே ‘ரெண்டால பெருக்கி 3 கழி’ன்னும் பாக்கலாம், 35ஐ ரெண்டால பெருக்கி 3 கழிச்சா அதே 67. எந்த வழில போனாலும் மார்க் ஒண்ணுதான், அழகான வழிதான் வேணும்னு தேடிட்டு உக்காந்திருக்காதீங்க.

வித்தியாசம் ஏறி எறங்கி குழப்புதா, சீரிஸும் கொஞ்சம் நீளமா இருக்கா, அப்ப ரெண்டு சீரிஸ ஒண்ணா பின்னி வெச்சிருக்காங்கன்னு சந்தேகப்படுங்க. 3, 20, 6, 17, 12, 14, 24, அடுத்தது? ஒண்ணு விட்டு ஒண்ணு படிங்க: 3, 6, 12, 24 ஒரு பக்கம், 20, 17, 14 இன்னொரு பக்கம். அடுத்தது 11. இதுல பக்கத்து பக்கத்து நம்பரக் கழிச்சுட்டு இருந்தா பொழுது விடிஞ்சிடும்.

இன்னொரு வகை, முகம் பாத்தே அடையாளம் தெரியணும். 7, 26, 63, 124, 215. 8, 27, 64, 125, 216ங்கற கன எண்கள் மனப்பாடமா இருக்கறவருக்கு எல்லாத்துலயும் ஒண்ணு கொறையுதுன்னு ரெண்டு செகண்டுல தெரியும், அடுத்தது 343ல ஒண்ணு போக 342. தெரியாதவரும் வித்தியாசம் (19, 37, 61, 91), வித்தியாசத்துக்கு வித்தியாசம்னு போட்டு (18, 24, 30, அப்புறம் 36) அங்கயேதான் வந்து சேருவாரு, ஆனா பக்கத்து சீட்டுக்காரர் அதுக்குள்ள மூணு கணக்கு முடிச்சிருப்பாரு. 30 வரைக்கும் வர்க்கம், 12 வரைக்கும் கனம், 100க்குள்ள இருக்கற 25 பகா எண்கள், இத மட்டும் நெட்டுரு போட்ருங்க. மனப்பாடம் கேவலம்னு யாராவது சொன்னா சிரிச்சுட்டு விட்ருங்க.

கேள்வி: சின்னக் கூட்டலுக்கே கை தானா கால்குலேட்டர்கிட்ட போகுது. மனக்கணக்கு இனிமே வருமா?

பதில்: வரும். பேப்பர்ல போடற மாதிரியே மனசுல போடப் பாக்கறீங்க, கஷ்டம் அங்கதான். வலதுலேர்ந்து ஆரம்பிச்சு மிச்சத்த ஞாபகம் வெச்சுக்கிட்டே போனா பாதியில நழுவிடும். இடதுலேர்ந்து போங்க. 348ம் 276ம் கூட்டணும்னா 200, 70, 6ன்னு ஒவ்வொண்ணா சேத்து 548, 618, 624, வாய்க்குள்ள சொல்லிட்டே போனா முடிஞ்சுது. 97ஐ ஆறால பெருக்க 600ல 18 கழிங்க, 582. 47 பெருக்கல் 53 வந்தா ரெண்டும் 50லேர்ந்து மூணு மூணு தள்ளி நிக்குது, அதனால 2500ல 9 போக 2491. 25ல 16 சதவீதம்னு கேட்டா திருப்பிப் போடுங்க, 16ல 25 சதவீதம், அதாவது 4. இது தெரியாம பேப்பர் பூரா பெருக்கிக்கிட்டு இருந்தவங்கள்ல நானும் ஒருத்தன்!

தினம் பதினஞ்சு நிமிஷம் போதும், ஆனா தப்பாப் போன கணக்க ஒரு நோட்ல எழுதுங்க, ஏன் தப்புன்னு ஒரு வரியும். ரெண்டு வாரத்துல அந்த நோட்டே சொல்லிடும், உங்களுக்கு வராதது கழித்தலா இல்ல அவசரமான்னு.

கேள்வி: நெகட்டிவ் மார்க் இருந்தா குத்துமதிப்பா டிக் அடிக்கலாமா?

பதில்: நாலு ஆப்ஷன், தப்புக்கு மூணுல ஒரு பங்கு மார்க் போகும்னா, கண்ண மூடிட்டு அடிச்சா சராசரியா லாபமும் இல்ல நட்டமும் இல்ல. நாலுல ஒரு பங்கு போகும்னா துளியூண்டு லாபம். ஆனா ரெண்டு ஆப்ஷன் தப்புன்னு உறுதியாத் தெரிஞ்சா தைரியமா அடிங்க. அந்த ரெண்ட ஒதுக்க கடைசி இலக்கம் போதும், 47 பெருக்கல் 53க்கு 1ல முடியாத விடையெல்லாம் குப்பை.

கேள்வி: 1, 2, 4, 8, 16 அடுத்தது 32ன்னு நான், 31ன்னு ஃப்ரெண்டு. யாரு சரி?

பதில்: டெஸ்ட்ல நீங்க, 32 தான், எளிமையான விதியத்தான் எதிர்பாப்பாங்க. ஆனா ஃப்ரெண்டும் சும்மா சொல்லல. ஒரு வட்டத்து மேல புள்ளிகள் வெச்சு எல்லாத்தையும் கோடு போட்டு இணைச்சா அதிகபட்சமா எத்தன துண்டா உடையும்னு எண்ணுங்க, ஒரு புள்ளிக்கு 1, அப்புறம் 2, 4, 8, 16, ஆறு புள்ளிக்கு 31. வரைஞ்சு பாக்கறப்ப ஆறு புள்ளியையும் சம இடைவெளில வெச்சுடாதீங்க, நடுவுல மூணு கோடு ஒரே இடத்துல சந்திச்சு 30 துண்டுதான் வரும், அப்புறம் ரெண்டு பேரும் சேந்து என்னத் திட்டுவீங்க.